தில்லைநகரா, மத்திய பஸ் நிலையமா? பிரியாணிக் கிளைக்கு இடம் தேடும் ஒருவருக்கு

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துவிட்டுத் தொடங்குகிறேன். ஓமானில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், திருச்சியில் ஒரு பிரியாணி நிறுவனத்தின் கிளை (ஃபிரான்சைஸ்) எடுக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு உரிமக் கட்டணத்தில் பாதியைக் கட்டியாகிவிட்டது. கையில் இரண்டு இடங்கள். ஒன்று தில்லைநகர் முதன்மைச் சாலையில் மேற்குப் பார்த்த 900 சதுர அடிக் கடை. மாத வாடகை 1,40,000 ரூபாய். மற்றொன்று மத்திய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், வாடகை 70,000. முன்பு இதே கடை 1,20,000-க்குப் போனது, இப்போது மலிவாகக் கிடைக்கிறது என்கிறார் தரகர். நிறுவனத்திலிருந்து வந்தவர் தில்லைநகருக்கு ஒப்புதல் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டில் எது நல்ல இடம் என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: "கம்பெனியே பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு நான் வேறு பார்க்க வேண்டுமா?" அதற்குப் பதில் தெரிந்தால்தான் முதல் கேள்விக்கு விடை தேட முடியும். எனவே அங்கிருந்து வருகிறேன்.

பார்க்க வேண்டும். நிறுவனம் பார்த்ததை விடக் கூடுதலாக, வேறு கண்ணோடு பார்க்க வேண்டும்.

நான் 17 ஆண்டுகளாக உணவகங்களுக்கு இடம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் ஒரு பெரிய உணவக நிறுவனத்தின் சார்பில், உங்களிடம் வந்தவர் செய்த அதே வேலையைச் செய்தேன். கடையைப் பார்ப்பது, படிவத்தை நிரப்புவது, ஒப்புதல் கொடுப்பது. அதன் பிறகு கிளை எடுப்பவர்களுக்காக வேலை பார்க்கிறேன். உங்கள் இரண்டு கடைகளையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆகவே இந்தக் கடையை எடுங்கள் என்று இங்கிருந்து சொல்வது பொறுப்பில்லாத செயல். எதை எண்ணினால், எதைக் கேட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும் என்பதைச் சொல்ல முடியும்.

நிறுவனத்தின் ஒப்புதலில் ஏமாற்று இருப்பதாக நான் சொல்லவில்லை. வந்தவர் நேர்மையாகவே பார்த்திருப்பார். ஆனால் அவர் பார்த்தது விற்பனையை. நிறுவனத்துக்கு ராயல்டி, அதாவது அதன் பெயரைப் பயன்படுத்த நீங்கள் தரும் பங்கு, உங்கள் விற்பனையிலிருந்து போகிறது. உங்கள் வீட்டுக்கு வருவது வாடகை, சம்பளம், கறி, அரிசி, எரிவாயு எல்லாம் போக மிஞ்சுவது. மாதம் 12 லட்சத்துக்கு விற்கும் கடையில் 6 சதவீத ராயல்டி என்றால் நிறுவனத்துக்கு 72,000 ரூபாய் உறுதி. அந்தக் கடையின் வாடகை 80,000 ஆனாலும் 1,60,000 ஆனாலும் அந்த 72,000 மாறாது. உங்கள் கையில் நிற்பதோ அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. இது போக, இடம் பார்க்க வருபவருக்கு ஆண்டுக்கு இத்தனை கிளை திறக்க வேண்டும் என்ற இலக்கு இருக்கும். எனக்கும் இருந்தது. மார்ச் மாதத்தில் நான் ஒப்புதல் கொடுத்த சில இடங்களுக்கு ஆகஸ்டில் கொடுத்திருக்க மாட்டேன் என்பதை இன்று வருத்தத்தோடுதான் நினைத்துப் பார்க்கிறேன். அதில் ஒரு கடையை எடுத்தவர் பணி ஓய்வில் கிடைத்த தொகையைப் போட்டிருந்தார்.

சட்டமும் இதில் உங்களுக்கு அதிகம் துணை வராது. அமெரிக்காவில் 1979 முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு விதிப்படி, கிளை உரிமம் விற்கும் நிறுவனம் கையெழுத்துக்கும் பணத்துக்கும் குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே ஒரு வெளிப்படை ஆவணத்தைத் தர வேண்டும். எத்தனை கிளைகள் மூடப்பட்டன, விலகிப்போனவர்களை எப்படித் தொடர்புகொள்வது என்பது வரை அதில் இருக்கும். இந்தியாவில் கிளை உரிமத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் முதலான பொதுச் சட்டங்களே பொருந்தும். மூடிய கடைகளின் பட்டியலை யாரும் தாமாக உங்கள் கையில் கொடுக்கப்போவதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் எழுத்தில்: கடந்த மூன்று ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மூடப்பட்ட, இடம் மாற்றப்பட்ட, கை மாறிய கிளைகள் எவை? பட்டியல் வந்தால் அந்த ஊர்களுக்குப் போய், கிளை நடத்தியவரைப் பார்த்துப் பேசுங்கள். வெற்றிகரமாக நடப்பவரிடம் ஒரு மணி நேரம் பேசுவதை விட, மூடியவரிடம் பத்து நிமிடம் பேசுவதில் இடத்தைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளலாம். பட்டியலைத் தர மறுத்தால் அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு தொடர்புள்ள ஒரு சிறு குறிப்பு. கேஎஃப்சி, டோமினோஸ் போன்றவற்றை இந்தியாவில் தனிமனிதர்கள் கிளை எடுத்து நடத்துவதில்லை. டோமினோஸை ஜூபிலண்ட் என்ற நிறுவனமும், கேஎஃப்சியை டெவ்யானி, சஃபையர் ஆகிய நிறுவனங்களும் நாடு முழுக்கத் தங்கள் பணத்தைப் போட்டு நடத்துகின்றன. இதனால் உங்களுக்கு ஒரு பயன் உண்டு. ஒரு தெருவில் அப்படிப்பட்ட கடை திறந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஓடினால், சொந்தப் பணத்தில் வாடகை கொடுக்கும் ஒருவர் அந்த இடத்தை அளந்து பார்த்துத் தங்கியிருக்கிறார் என்று பொருள். இன்னொருவர் பணத்தில் திறக்கப்பட்ட ஐந்து கிளைகளை விட அந்த ஒரு கடை எனக்குப் பெரிய சாட்சி.

இப்போது வாடகைக் கணக்கு. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், காரணம் ஜிஎஸ்டி. உங்களுடையது போன்ற தனி உணவகங்கள் வாடிக்கையாளரிடம் 5 சதவீதம் வாங்குகின்றன. அதற்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது, அதாவது தொழிலுக்காக நீங்கள் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. 2017 நவம்பர் முதல் இதுதான் நிலை. கடை வாடகைக்கு வரி 18 சதவீதம். துணிக்கடைக்காரர் அந்த 18 சதவீதத்தைத் தம் வரியில் கழித்துக்கொள்வார், உங்களால் முடியாது. உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்பதால் தப்பிவிடலாம் என்று தரகர்கள் இன்னமும் சொல்கிறார்கள். 2024 அக்டோபர் 10 முதல் அதுவும் இல்லை; உரிமையாளர் பதிவு செய்யாதவராக இருந்து, நீங்கள் பதிவு செய்தவராக இருந்தால், அந்த வரியை நீங்களே நேரடியாகக் கட்ட வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான இணக்க முறையில் (காம்போசிஷன்) வரி கட்டுபவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த முறை உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஒரு பட்டயக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ராயல்டிக்கும் 18 சதவீத வரி உண்டு, அதையும் கழிக்க முடியாது. 6 சதவீத ராயல்டி உங்கள் கையிலிருந்து போகும்போது 7.08 சதவீதம் ஆகிவிடுகிறது.

ஆகவே தில்லைநகர்க் கடையின் உண்மையான வாடகை 1,65,200 ரூபாய். பஸ் நிலையக் கடைக்கு 82,600. வாடகை விற்பனையில் 10 சதவீதத்துக்குள் நின்றால் மூச்சு விடலாம், 12 வரை சமாளிக்கலாம், 15-ஐத் தாண்டிய கடை ராயல்டியும் கட்டிக்கொண்டு இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்கி நான் பார்த்தது மிக அரிது. இது என் அனுபவத்தில் வந்த அளவுகோல். எங்கும் எழுதிவைத்த விதி அல்ல. 10 சதவீதம் என்று வைத்தால் தில்லைநகரில் நீங்கள் மாதம் 16,52,000-க்கு, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 55,000-க்கு விற்க வேண்டும். தலைக்கு 220 ரூபாய் என்றால் தினமும் 250 பேர். பஸ் நிலையத்தில் நாளொன்றுக்குச் சுமார் 27,500. அங்கே தலைக்கு 160 ரூபாய்தான் வரும் என்று வைத்தால் 172 பேர். "எது நல்ல இடம்" என்ற கேள்வி இப்போது சுருங்கிவிட்டது. தில்லைநகர்க் கடைக்குள் தினமும் 250 பேர் வருவார்களா? பஸ் நிலையக் கடைக்குள் 172 பேர் வருவார்களா? இந்தக் கேள்விக்குத் தெருவில் நின்றால் விடை கிடைக்கும்.

பஸ் நிலையக் கடையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வாடகை ஏன் குறைந்தது என்று தரகரிடம் கேட்டீர்களா? 2025 மே மாதம் பஞ்சப்பூரில் புதிய ஒருங்கிணைந்த பஸ் முனையம் திறக்கப்பட்டு, ஜூலையிலிருந்து வெளியூர் பஸ்கள் அங்கே போய்விட்டன. மத்திய பஸ் நிலையத்தைச் சுற்றியிருந்த சாப்பாட்டுக் கடைகளில் பெரும்பாலானவை நம்பியிருந்தது, இரவு பதினோரு மணிக்குக் கையில் பையோடு இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முன் எதையாவது சாப்பிட்டுக்கொள்ளும் மனிதரை. சென்னையில் இதே கதை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2002 முதல் கோயம்பேடு பஸ் நிலையத்தைச் சுற்றி எத்தனையோ உணவகங்கள் வளர்ந்தன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டு, தென்மாவட்ட பஸ்கள் அங்கே மாறியபோது, தெருவும் கட்டடமும் பெயர்ப்பலகையும் அப்படியே இருக்க, வாடிக்கையாளர் மட்டும் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டார்.

அதனால் அந்தக் கடையே கூடாது என்று சொல்லிவிடவும் மாட்டேன். டவுன் பஸ்கள் இன்னும் அங்கே வருகின்றன. ரயில்வே ஜங்ஷன் நடந்து போகும் தூரம். தங்கும் விடுதிகள் இருக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்து 172 பேரைத் தருமா என்பதை எண்ணித்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று உறுதி: பழைய 1,20,000-ஐ வைத்து இன்றைய 70,000-ஐ மலிவு என்று சொல்லக்கூடாது. அந்த 1,20,000 வெளியூர் பயணிகளுக்கான விலை. இப்போதைய தெருவுக்கு 70,000 தகுமா, 45,000 தகுமா என்பதே பேச்சு. ஓர் இடத்தில் வாடகை இறங்கத் தொடங்கினால் முதல் இறக்கத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இன்று 70,000-க்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டு, அடுத்த ஆண்டு பக்கத்துக் கடை 50,000-க்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

எண்ணுவது எப்படி என்று சொல்கிறேன். கடை வாசலில் நில்லுங்கள்; எதிர்ப்பக்கம் நின்று பார்க்காதீர்கள். மதியம் 12 முதல் 3 வரை, இரவு 7 முதல் 10.30 வரை. ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி, இரண்டு ஞாயிறுகள் குறைந்தபட்சம். கையில் ஒரு நோட்டு. கடந்து போகும் எல்லோரையும் எண்ண வேண்டியதில்லை. உங்கள் பக்க நடைபாதையில் நடப்பவர், வண்டியை நிறுத்த முடிகிற இருசக்கர வாகனக்காரர், குடும்பமாக வருபவர், கையில் வேறு கடையின் பார்சல் பையோடு போகிறவர் என நான்கு வரிசை போதும். கடைசி வரிசையை அலட்சியம் செய்யாதீர்கள். பார்சல் பையோடு போகிறவர் அந்தத் தெருவில் உணவுக்குப் பணம் கொடுத்துவிட்டவர். மற்ற மூவரும் கொடுக்கக்கூடும் என்பது நம் எண்ணம் மட்டுமே.

இன்னொரு வழியும் இருக்கிறது. அருகிலுள்ள அசைவ உணவகத்தில் மதியம் கடை திறந்ததும் ஒரு தேநீரோ ஆம்லெட்டோ சாப்பிட்டுப் பில் வாங்குங்கள். இரவு மூடுவதற்கு முன் மறுபடி போய் ஏதாவது வாங்கிப் பில்லைப் பாருங்கள். இரண்டு பில் எண்களுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைய வியாபாரம். எல்லாக் கடைகளிலும் பில் எண் ஒழுங்காக ஓடாது, சில இடங்களில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் பார்சலுக்கும் தனித்தனி இயந்திரம் இருக்கும். ஆனாலும் மூன்று நான்கு கடைகளில் இப்படிப் பார்த்தால் அந்தத் தெரு எவ்வளவு சாப்பிடுகிறது என்பது ஓரளவு பிடிபடும். நான் இடம் பார்க்கும் ஊர்களில் இன்றும் இதைச் செய்கிறேன். பெரிய நிறுவனங்கள் கைப்பேசித் தரவை வைத்து வண்ண வரைபடம் போட்டுக் கொடுக்கின்றன. பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரு தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அது சொல்லும். பசியோடு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நோட்டோடு நிற்பவரால்தான் சொல்ல முடியும்.

பிரியாணிக் கடை என்பதால், எந்த மாதத்தில் எண்ணுகிறீர்கள் என்பதும் முக்கியம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை புரட்டாசி. அந்த மாதத்தில் எண்ணினால் நல்ல இடமும் மோசமாகத் தெரியும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஐயப்ப விரத காலம். மாலை போட்டவர் இருக்கும் வீடுகளில் பல நாட்கள் அசைவம் கிடையாது. ஸ்ரீரங்கத்தையும் சமயபுரத்தையும் பக்கத்தில் வைத்திருக்கும் ஊரில் இதன் தாக்கம் குறைவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். உங்கள் நிறுவனம் காட்டிய விற்பனைக் கணிப்பு எல்லா மாதமும் ஒரே தொகையாக இருந்தால், அதை எழுதியவர் தமிழ்நாட்டில் பிரியாணி விற்றதில்லை. திறப்பு விழாவைப் புரட்டாசிக்கு முந்தைய வாரத்தில் வைக்காதீர்கள். முதல் மாத உற்சாகம் வடியும் நேரமும் விரத மாதமும் சேர்ந்து வந்தால் கையிருப்புப் பணம் அதிலேயே கரைந்துபோகும்.

தில்லைநகரைப் பற்றி. மருத்துவமனைகள், துணிக்கடைகள், நகைக்கடைகள், குறுக்குத் தெருக்களில் வசதியான குடும்பங்கள் என்று எல்லாம் சேர்ந்த பகுதி அது. உட்கார்ந்து சாப்பிடும் குடும்பம் இரவில் வரும் இடம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. நிறுவனத்தின் ஆள் அதைச் சரியாகவே கணித்திருக்கிறார். எனக்குள்ள கேள்விகள் அந்தக் குறிப்பிட்ட கடையைப் பற்றியவை. மேற்குப் பார்த்த கடை என்கிறீர்கள். திருச்சியின் ஏப்ரல், மே வெயில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கண்ணாடி முகப்பில் நேராக விழும். நிறுவனத்தின் வடிவமைப்பில் முழுக் கண்ணாடி முகப்பு என்றால், வாசலை ஒட்டிய மேசைகளில் ஆறு மணி வரை யாரும் உட்கார மாட்டார்கள், குளிர்சாதனத்துக்கு மின் கட்டணம் ஏறும். முகப்புக்கு மேல் நீட்டிய கூரை போட உரிமையாளர் அனுமதிப்பாரா, மாநகராட்சி விதி இடம் கொடுக்குமா என்று கேளுங்கள். சாலையின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். மாலையில் வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர்களின் இடது கைப்பக்கம் பிரியாணிக்கு நல்லது. காலையில் வேலைக்குப் போகிற பக்கம் இட்லிக்கும் காபிக்கும் நல்லது. நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில் எதிர்ப்பக்கத்தில் போகிறவர் உங்களுக்கு வேற்றூர்க்காரர் மாதிரி. அவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கார் நிறுத்த இடம் உண்டா? ஞாயிறு இரவு எட்டு மணிக்கு உங்கள் சொந்தக் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். நீங்கள் இரண்டு சுற்று சுற்றினால், மனைவி மக்களோடு வருகிறவர் ஒரு சுற்றிலேயே வேறு கடைக்குப் போய்விடுவார்.

அடுக்களை பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள், இடம் தோற்பதற்கு அதுவும் பெரிய காரணம். நான் நிறுவனத்தில் இருந்தபோது ஒப்புதல் கொடுத்த ஒரு கடை, மேற்கு மாவட்டம் ஒன்றில், வியாபாரத்தில் முதல் மாதமே நன்றாக ஓடியது. மேல் மாடியில் இரண்டு குடும்பங்கள் குடியிருந்தன. தம் போடும் புகையும் மசாலா நெடியும் அவர்கள் சன்னலுக்குள் போயின. முதலில் உரிமையாளரிடம் முறையிட்டார்கள், பிறகு மாநகராட்சியில் புகார் கொடுத்தார்கள். புகைபோக்கியை மொட்டை மாடி வரை கொண்டுபோக வேண்டும் என்றால் அவர்கள் வீட்டு வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் சம்மதிக்கவில்லை, சம்மதிக்காததில் தவறும் இல்லை. எட்டாவது மாதம் கடை மூடப்பட்டது. படிவத்தில் மக்கள் நடமாட்டம், முகப்பு அகலம், போட்டிக் கடைகள் எல்லாவற்றுக்கும் நான் மதிப்பெண் போட்டிருந்தேன். மேலே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. நானும் கேட்கவில்லை. கடை எடுத்தவரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. உங்கள் தில்லைநகர்க் கடைக்கு மேல் மாடியில் மருத்துவமனையோ பரிசோதனைக் கூடமோ இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் பேசிவிடுங்கள். அதோடு மும்முனை மின் இணைப்பு எத்தனை கிலோவாட், கழிவுநீர் பாதாளச் சாக்கடையில் சேர்கிறதா, எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் தொட்டி வைக்க இடம் உண்டா, கோடையில் போர்வெல்லில் தண்ணீர் இருக்குமா, 19 கிலோ வணிக சிலிண்டர்களைப் பாதுகாப்பாக வெளியே வைக்க முடியுமா என்பவற்றையும் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும். நிறுவனத்தோடு உங்களுக்கு எத்தனை ஆண்டு? ஐந்து ஆண்டு என்றால் கடைக்கும் ஐந்து ஆண்டு வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கவே எல்லோரும் 11 மாத ஒப்பந்தம் போடுகிறார்கள். உள் அலங்காரத்துக்கும் அடுக்களைக்கும் 25, 30 லட்சம் செலவழித்துவிட்டு 11 மாதத் தாளை நம்பி உட்காராதீர்கள். கடை நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் வாடகையை ஏற்றச் சொல்லும் உரிமையாளரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்யவும் வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பத்து மாதம் கேட்கும் வழக்கம் ஊரில் இருந்தாலும், இதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம். உரிமையாளர் ஐந்து ஆண்டுக்குக் காலி செய்யச் சொல்லக்கூடாது, நீங்களோ மூன்று மாத அறிவிப்பில் வெளியேறலாம் என்று கேளுங்கள். முதல் ஆண்டு மட்டும் வெளியேற மாட்டேன் என்று விட்டுக்கொடுக்கலாம். வேலை நடக்கும் இரண்டு மாதத்துக்கு வாடகை இல்லை என்பதையும் எழுதி வாங்குங்கள்.

நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் எல்லை என்ற பகுதியை மறுபடி படித்துப் பாருங்கள். உங்களைச் சுற்றி எத்தனை கிலோமீட்டருக்கு வேறு கிளை தரமாட்டார்கள் என்பது இருக்கும். அந்த எல்லை ஸ்விக்கி, ஸொமேட்டோ வழி விற்பனைக்கும் பொருந்துமா என்பது பெரும்பாலும் இருக்காது. உறையூரிலோ புத்தூரிலோ இன்னொரு கிளை வந்து, அதே செயலியில் அதே பெயரில் உங்களுக்கு மேலே தெரிந்தால் எல்லை இருந்தும் பயனில்லை. செயலி வழியாகத்தான் பாதி விற்பனை வரும் என்று நிறுவனம் சொன்னால், அந்தப் பாதிக்கு முதன்மைச் சாலை வாடகை எதற்கு என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்குக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது தெரியப்போவதில்லை. அந்த விற்பனையில் இருபது, முப்பது சதவீதம் தரகு போகும் என்பதால், வாடகைக்கும் சேர்த்து அது தாங்காது.

இதுவரை சொன்னவற்றில் வரி, பதிவு, அடுக்களை, எண்ணிக்கை ஆகியவற்றை உறுதியாகச் சொல்வேன். சிலவற்றில் எனக்கு அந்த உறுதி இல்லை. போட்டிக் கடைகளுக்குப் பக்கத்தில் திறப்பது நல்லதா என்று கேட்டிருந்தீர்கள். ஆம்பூரில் வரிசையாகப் பிரியாணிக் கடைகள் இருப்பதால்தான் சென்னை, பெங்களூரு சாலையில் போகிறவர்கள் பிரியாணி என்றாலே அங்கே நிறுத்துகிறார்கள். கூட்டமாக இருப்பது எல்லோருக்கும் ஆளைக் கொண்டுவருகிறது. நகரத் தெருவில் அப்படி நடந்ததையும் பார்த்திருக்கிறேன், மூன்றாவதாக வந்த கடை முதல் இரண்டையும் சேர்த்துக் கெடுத்ததையும் பார்த்திருக்கிறேன். என்னால் விதி சொல்ல முடியவில்லை. மதுக்கடை அருகில் இருப்பதும் அப்படித்தான். இரவில் சில்லி சிக்கன் விற்கும், குடும்பங்கள் வராது. மேலும் அது உங்கள் கையில் இல்லாத கூட்டம். நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை மூடச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2017 ஏப்ரலில் கடைகள் மூடப்பட்டபோது, அந்தக் கூட்டத்தை மட்டும் நம்பியிருந்த சாலையோர உணவகங்கள் ஒரே வாரத்தில் வெறிச்சோடின. சாலைப் பணிகளையும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. சென்னை ஆற்காடு சாலையில் மெட்ரோப் பணிக்குத் தடுப்பு வைத்த பிறகு அங்கே கடை நடத்தியவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். மாநகராட்சி அலுவலகத்திலும் நெடுஞ்சாலைத் துறையிலும் உங்கள் தெருவுக்குப் பாலமோ வடிகாலோ திட்டத்தில் உண்டா என்று ஒருமுறை நேரில் போய்க் கேட்பதே நம்மால் முடிந்தது.

என் பணமாக இருந்தால் இப்போதைக்கு இரண்டையும் எடுக்க மாட்டேன். தில்லைநகரில் முதன்மைச் சாலையிலிருந்து நாற்பது, ஐம்பது அடி உள்ளே, குறுக்குத் தெருவின் முனைக்கருகே ஒரு கடை தேடுவேன். பெயர்ப்பலகை முதன்மைச் சாலையில் போகிறவர் கண்ணில் பட வேண்டும், வண்டி நிறுத்தத் தெரு இருக்க வேண்டும், மேலே குடியிருப்பு இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட கடை 80,000 அல்லது 85,000-க்குக் கிடைத்தால், தினமும் நூற்றைம்பது பேருக்கு மேல் வந்தாலே போதும். அதே பகுதியின் வாடிக்கையாளர், ஏறக்குறைய அறுபது சதவீத வாடகை. நிறுவனம் முதலில் தயங்கும், முதன்மைச் சாலை முகப்பு இல்லை என்பார்கள். அப்போது உங்கள் நோட்டில் உள்ள எண்ணிக்கையைக் காட்டுங்கள். அந்தக் கடைக்கு ஒப்புதல் தரவில்லை என்றால், தில்லைநகர் முதன்மைச் சாலைக் கடைக்குத் தினமும் 250 பேர் வருவார்கள் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், முதல் ஆண்டில் அது வராவிட்டால் ராயல்டியைக் குறைப்பீர்களா என்றும் கேளுங்கள்.

எண்ணி முடித்ததும் நான்கு நாட்களின் கணக்கையும் இங்கேயே எழுதுங்கள். கூடவே, முதன்மைச் சாலைக் கடை சாலையின் எந்தப் பக்கம், மாடியில் யார் இருக்கிறார்கள், நிறுவனத்தோடு எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்ற மூன்றும் வேண்டும். அவற்றை வைத்து உங்களோடு சேர்ந்து கணக்குப் பார்க்கிறேன். அதுவரை எந்த உரிமையாளருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.